அப்பா உள்ளுக்கு நிக்கிறார்

“அப்பா! கேற்றடியிலை ஆரோ வந்திருக்கினம், ஒருக்கா எழும்பி வாங்கோ!”

ஓட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டதும் உதயகலா வழக்கம்போல வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். பிறகுதான் இறங்கியவரைக் கண்டாள். நிருஷனின் தாய் குணலட்சுமி!

நெல்லியடியிலிருந்து பெண் பார்க்க நாளைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். சொல்லாமல் போனால்தான் ஒரு வீட்டின் உண்மை தெரியும் என்பது அவருடைய கொள்கை போலும்.

கட்டினால் நிருஷனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் உதயகலா. அவனோ, அம்மா ஓம் என்றால்தான் கலியாணம் என்கிறான்.

குணலட்சுமியின் பார்வை வாசலில் கிடந்த ஆண்செருப்பில் விழுந்தது. கொஞ்சமும் தேயாத செருப்பு. கொடியில் ஆண்கள் உடுத்தும் சாறம் ஒன்று ஈரத்தோடு தொங்கியது.

“தகப்பன் காணாமல்போய்க் கனகாலம் எண்டெல்லோ தம்பி சொன்னவன்? இப்ப ஆரைப் பிள்ளை கூப்பிட்டனீர்?”

“அம்மா இன்னும் வேலையாலை வரேல்லை அன்ரி...”

“நான் கேட்டது அதில்லை.”

குணலட்சுமி விறுவிறென்று உள்ளே போனார். சாத்தியிருந்த அறைக்கதவைத் தள்ளினார். உள்ளே ஈ, காக்கை இல்லை.

“ஒருத்தரும் இல்லை அன்ரி,” உதயகலாவின் குரல் உடைந்தது. “ஆம்பிளை இல்லாத வீடெண்டு தெரிஞ்சு ஒருக்கா ஆரோ மதில் ஏறிக் குதிச்சவங்கள். அப்ப நான் பள்ளிக்கூடம் போற பிள்ளை. அதிலையிருந்து ஆர் வந்தாலும் அப்பாவைக் கூப்பிடுவன். சாறம் நனைச்சுக் காயப்போடுவன். கூப்பிட்டுப்போட்டு, சிலநேரம் பதில் வருமோ எண்டும் பாத்துக்கொண்டு நிப்பன்.”

குணலட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாம் போச்சு என்று கண்ணீரைத் துடைத்தபடி உதயகலா பின்னால் ஓடினாள்.

வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையின் முடக்கில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற இரண்டு பேர் அவளையே பார்த்து இளித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டோவில் ஏறப்போன குணலட்சுமி அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

“அப்ப நான் போட்டு வாறன், சம்பந்தி!”