ஏழாவது சேலை

"நல்லாப் பாருங்க சிஸ்டர். இது நீங்கதானே?"

மன்சூர் செல்போனை மேசைமேல் தள்ளி வைத்தான்.

வீடியோவில் ஆத்தூர் அணைக்கரை. ஏழு பெண்கள். எல்லாருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. வெள்ளைச் சேலை, தலையில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. அந்தக் காலத்து நர்ஸ் உடுப்பு. கைதட்டிக் கும்மியடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார்," என்றாள் சபிஹா. "போன மாசம் லீவு நாள்ல கூடப் படிச்சவங்கெல்லாம் ஒண்ணு கூடினோம்."

"லீவுன்னா என்ன வேணா செய்யலாமா? யாரோ இதை நர்சிங் கவுன்சிலுக்கு அனுப்பிட்டாங்க. விளக்கம் கேட்டு நமக்குக் கடிதம் வந்திருக்கு. ஆடினதுகூடப் பெரிசில்ல. இந்தக் கடைசி ஆள் யாரு? பூ மார்க்கெட்ல பூக் கட்டுறவங்களாமே! நர்ஸே இல்லாதவங்களுக்கு நர்ஸ் வேஷம் போட்டு விட்டிருக்கீங்க. உங்க பதிவையே ரத்து பண்ணலாம், தெரியுமா?"

சபிஹாவின் விரல்கள் கோட்டுப் பொத்தானைத் திருகின. பதிவு போனால் வேலை போச்சு. இருபத்தேழு வருஷ சர்வீஸ்.

மன்சூர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தான். நர்சிங் சூப்பிரண்டு செபாஸ்தியம்மாள். தலையில் ஒரு முழம் பூவோடு டூட்டிக்கு வந்தாலே வாசலில் நிறுத்தி எடுக்கச் சொல்கிறவர். அவன் இந்த ஆஸ்பத்திரியில் நிர்வாக அதிகாரியாகச் சேர்ந்த இந்த நாலு மாதத்தில் அவர் சிரித்து ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்குக் கிழித்துவிடுவார் என்றுதான் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான்.

அவரோ மூன்றாம் முறையாக அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்களே கேளுங்க."

"சொல்லுங்க சிஸ்டர்," என்றார், தலை நிமிராமல்.

சபிஹா மன்சூரைப் பார்த்தே பேசினாள்.

"அவ பேரு பெருமாயி சார். சாணார்பட்டிப் பக்கம். எங்க செட்டுல அவதான் முதல் மார்க். அவ ஊசி போட்டா பிள்ளைக அழுகாது. அப்ப எங்களுக்கு நீலப் பாவாடை சட்டைதான். படிப்பு முடிஞ்சாத்தான் வெள்ளைச் சேலையும் தொப்பியும். வார்டுல பெரிய நர்ஸுக வெள்ளையுஞ் சொள்ளையுமா நடந்து வந்தா, நாங்க வாயப் பொளந்து பாப்போம். பெருமாயி ராத்திரி போர்வைய மடிச்சுக் கட்டிக்கிட்டு அந்த மாதிரியே நடந்து காட்டுவா. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

சொல்லும்போதே அவள் முகம் இளகிப்போயிற்று.

"படிப்பு முடிய ரெண்டே மாசம். ஞாயித்துக்கிழமை, டூட்டி இல்ல. தாடிக்கொம்புல ஆடித் திருவிழா. வார்டன்கிட்டக் கேக்காம நாலு பேரு டவுன் பஸ் ஏறிட்டோம். ராட்டினம், கரும்புச்சாறு, கை நெறைய வளையல்... அம்புட்டுச் சந்தோசம் சார். திரும்பி வாரப்ப ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"பின்பக்கம் சுவர். பெருமாயிதான் குனிஞ்சு நின்னு மூணு பேரையும் தோள்ல ஏத்தி உள்ள விட்டா. அவள ஏத்திவிட வெளிய ஆள் இல்ல. மாட்டிக்கிட்டா."

மன்சூர் குறிப்பெடுத்துக்கொண்டான்.

"கூட யாரு போனான்னு மூணு நாள் கேட்டாங்க. தனியாத்தான் போனேன்னே சாதிச்சிட்டா. ஒழுக்கம் சரியில்லன்னு எழுதி வெளிய அனுப்பிட்டாங்க. நாங்க வாயத் தொறக்கல சார். தொறந்தா எங்க படிப்பும் போயிருமேன்னு பயம். அவ டிரங்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போறத மாடியில நின்னு பாத்தோம்."

மன்சூர் பேனாவைக் கீழே வைத்தான்.

"இத்தன வருசங் கழிச்சு எல்லாரும் கூடுறோம்னதும், ஆளுக்கொரு சேலை எடுத்தோம். அவளுக்கும் ஒண்ணு எடுத்தேன். வேணாம் வேணாம்னா. நான்தான் கட்டிவிட்டுத் தொப்பிய மாட்டிவிட்டேன். தப்புத்தான் சார். என்ன தண்டனைன்னாலும் எனக்கே குடுங்க. மத்தவங்கள விட்ருங்க."

"சரி... அன்னைக்குச் சுவர் ஏறின மூணு பேர் யாரு?"

"நானு, அய்யம்மாள். அவ இப்ப மதுரையில இருக்கா."

"இன்னொருத்தங்க?"

"அவங்கள நாங்க கூப்பிட்டோம். ஆத்தூருக்கு வரல. பெருமாயி மூஞ்சியப் பாக்கத் தெம்பு இல்லையோ என்னமோ." சபிஹா குனிந்துகொண்டாள். "பேரு எதுக்கு சார், விடுங்க."

மன்சூர் வற்புறுத்தவில்லை. தட்டச்சு செய்து வைத்திருந்த விளக்கக் கடிதத்தை செபாஸ்தியம்மாளிடம் கொடுத்தான். 'இச்செயலுக்குப் பொறுப்பானவர்' என்ற வரிக்குக் கீழே சபிஹாவின் பெயர் இருந்தது.

"நோயாளி யாரும் அங்க இல்ல, யாருக்கும் மருந்தோ ஊசியோ குடுக்கல, அந்தம்மா தன்னை நர்ஸுன்னு யார்கிட்டயும் சொல்லலன்னு சேத்து எழுதணும்," என்றார் அவர். குரல் என்னவோ போலிருந்தது.

பின்னால் கவுன்சில் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் அது யாருக்கும் தெரியாது.

செபாஸ்தியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். சபிஹாவின் பெயருக்குக் கீழே தன் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதினார்.

மன்சூர் பதறிப்போனான். "மேடம், என்ன இது? நீங்க ஆத்தூருக்குப் போகவே இல்லையே!"

"ஆத்தூருக்குப் போகல சார். தாடிக்கொம்புக்குப் போனேன்."