நாற்பத்தொரு புள்ளிகள்

பிற்பகல் இரண்டு நாற்பது. கிரெட்டா மூன்றாவது முறையாகக் வடிவமைப்புக் கோப்பை மாற்றி, அச்சகத்தாரின் மென்பொருளில் திறந்து பார்த்தாள். புள்ளிகளைக் காணவில்லை.

அவள் வரையும் மென்பொருள் ஒன்று. அச்சகத்தில் இருப்பது வேறொன்று. அவள் பக்கத்தில் லேயர்கள் நான்கு குரூப்பாக ஒழுங்காக இருந்தன: எழுத்து, படம், வெட்டுக்கோடு, பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில். அச்சகத்தில் பிரெயிலுக்கென்று தனித் தகடு உண்டு. அந்தப் பக்கம் போனதும் குரூப்கள் கலைந்துவிடுகின்றன. முதல் முறை புள்ளிகள் ஓரத்துக்கு ஓடின. இரண்டாம் முறை பாதிதான் வந்தன.

"என்ன ஆச்சு?" வெண்டல் காபியோடு பின்னால் வந்து நின்றார். டுலூத் நகரில் ஆறு பேர் வேலை செய்யும் அந்த ஸ்டுடியோ அவருடையது.

"குரூப் நிக்க மாட்டேங்குது. இங்க நாலு இருக்கு. அங்க போனா மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டிக் கிடக்கு."

"சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டியா?"

"நாப்பது நிமிஷமா பியானோ வாசிக்கிறாங்க." மேஜைமேல் கிடந்த போனைக் காட்டினாள். அது வாசித்துக்கொண்டிருந்தது.

அவள் வடிவமைப்பது கண் சொட்டு மருந்துக்கான பெட்டிகள். காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. அளவிலும் வடிவத்திலும் வித்தியாசம் கிடையாது. அக்டோபரில் ஆர்வோ சால்மெலா என்பவர் ஒன்பது நாள் மருந்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். பார்வை போய்ப் பல வருடமாகியும் ஜன்னல் எது, சுவர் எது என்று சொல்லும் அளவுக்கு அவர் கண்ணில் வெளிச்சம் மிச்சமிருந்தது. இன்னொரு தடவை மாறினால் அதுவும் இருக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆர்வோ எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் மருந்து நிறுவனம் பிரெயிலுக்குச் சம்மதித்தது.

கிரெட்டாவுக்கு பிரெயில் தெரியாது. எழுத்து அட்டவணையைத் திரைக்குப் பக்கத்தில் குத்தி வைத்து, ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். காலைப் பெட்டிக்கு இருபத்து நான்கு. இரவுப் பெட்டிக்குப் பதினேழு. பெட்டி வெள்ளை. திரையில் தெரிய வேண்டுமே என்று புள்ளிகளுக்கு நீல நிறம் கொடுத்திருந்தாள்.

மூன்று இருபதுக்கு அச்சகத்திலிருந்து டுவேன் கூப்பிட்டான்.

"உயிரோட இருக்கியா? நாலு மணிக்கு மிஷின் உனக்கு. விட்டா பீர் பெட்டி அட்டை மிஷின்ல ஏறிடும். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு என்னைக் கேக்காதே."

"கொஞ்சம் டைம் குடு, டுவேன்."

"டைம் எங்கிட்ட இருந்தா உறைஞ்ச ஏரியில ஓட்டை போட்டு மீன் பிடிச்சிட்டிருப்பேன்."

அவள் நான்காவது முறை மாற்றினாள். குரூப்களின் பெயர்கள் மட்டும் வந்தன. உள்ளே ஒன்றுமில்லை. ஐந்தாவது முறை கோப்பு திறக்கவே இல்லை. பியானோ நின்று, மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

"எங்க தப்புன்னே தெரியல வெண்டல். தெரிஞ்சாத்தானே சரி பண்ணலாம்."

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தைந்து.

"குரூப்பை விட்டுத் தொலை. எல்லாத்தையும் ஒரே லேயரா ஒட்டிடு. போட்டோ மாதிரி போகும். ஒரு புள்ளிகூட அசையாது."

"அப்புறம் எதையும் தனியாப் பிரிக்க முடியாதே."

"யாரு பிரிக்கப் போறா? ரெண்டு வாரம் தள்ளிப்போனா அந்தப் பெரியவருக்கு யார் பதில் சொல்றது?"

அவள் ஒட்டினாள். திறந்து பார்த்தாள். புள்ளிகள் அத்தனையும் வைத்த இடத்தில் இருந்தன. பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு அட்டவணையோடு ஒப்பிட்டாள். இருபத்து நான்கு. பதினேழு. வெண்டலும் ஒருமுறை எண்ணினார். மூன்று ஐம்பத்தாறுக்குக் கோப்பு போனது.

அடுத்த புதன்கிழமை டுவேன் பெட்டிகளின் முதல் கட்டுடன் தானே வந்தான். அச்சடித்தது மொத்தம் இருபதாயிரம்.

"ஒரே லேயரா வந்ததால வேலை சீக்கிரம் முடிஞ்சுது. ஒரு தகடும் மிச்சம். புள்ளியைப் பாரு, என்ன நீலம்!"

பெட்டி ஆறு பேரின் மேஜைக்கும் போய்வந்தது. வெண்டல் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

"ஒட்டுன்னு சொன்னேன்ல?" என்றார்.

ஆர்வோ சால்மெலாவை அவர்தான் வரச்சொல்லியிருந்தார். பனியில் இரண்டு பஸ் மாறி வந்தார் ஆர்வோ. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் ஏலக்காய் ரொட்டிப் பொட்டலம்.

"நானே சுட்டது. கருகியிருந்தா சொல்லாதீங்க, எனக்குத் தெரியவா போகுது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கிரெட்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இத்தனை வருஷமா ராத்திரி பாட்டில்ல ரப்பர் பேண்ட் சுத்தி வெச்சுத்தான் காலம் ஓடுச்சும்மா. அது அறுந்து விழுந்ததுல வந்த வினை எல்லாம். இனிமே அந்தத் தொல்லை இல்ல. கிளம்புறப்போ புதுசா சுத்தினதையும் கழட்டிக் குப்பையில போட்டுட்டேன்."

கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கிரெட்டா காலைப் பெட்டியை அவர் வலது கையிலும் இரவுப் பெட்டியை இடது கையிலும் வைத்தாள். எல்லோரும் நெருங்கி வந்தார்கள். டுவேன் தொப்பியைக் கழற்றினான்.

ஆர்வோவின் கட்டைவிரல் பெட்டியின் நீளத்துக்குப் போய்த் திரும்பியது. பெட்டியைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார். இன்னொரு பெட்டியையும் அப்படியே செய்தார். பிறகு சிரித்த முகத்தோடு கிரெட்டா நின்ற பக்கம் திரும்பினார்.

"நல்லா வழவழன்னு இருக்கும்மா. எழுதியிருக்கிறது எந்தப் பக்கம்?"