கதவுக்குப் பின்னால் பென்சில் கோடுகள்

“அசையாம உக்காரு டீச்சரம்மா. பின்னல் கோணிக்கிட்டா பசங்க சிரிக்கப் போறாங்க” என்று ஓரகத்தி செல்லமாகத் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

ஏழு மாதமாக இப்படித்தான். டீச்சரின் வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேல் ஏறுவதில்லை. தலை பின்னுவது, கொக்கி மாட்டுவது, ஈரத்துணியைப் பிழிவது எல்லாம் கணவரின் அண்ணன் மனைவியான இந்த ஓரகத்திதான். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்பார்கள். இந்த வீட்டில் நகமும் சதையும்.

பள்ளிக்கூடத்தில்தான் மானம் போயிற்று. கணக்கு டீச்சர் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுத, கடைசி பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். தலைமையாசிரியை நேற்று கூப்பிட்டுப் பட்டும் படாமலும் சொல்லிவிட்டாள். “அடுத்த பருவம் தொடங்குறதுக்குள்ள கை சரியாகலைன்னா வேற ஆளைப் போட வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதீங்க.”

டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார், இது மாத்திரையில் தீருகிற சமாசாரம் இல்லை, பிசியோதெரபிதான் வழி என்று. அதற்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். டீச்சருக்கு லீவு கிடைக்கவில்லை. சீட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பதிந்துவிட்டு வந்தவளும் ஓரகத்திதான். முறை வந்தால் வீட்டுக்குத் தபால் வரும் என்றார்களாம்.

தபால் வந்தபாடில்லை. மாதம் ஒருமுறை ஓரகத்தியே போய்க் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புவாள்.

“நான் இன்னிக்கு லீவு போட்டுட்டேன்க்கா” என்றாள் டீச்சர். “நேர்லயே போய் ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரப் போறேன்.”

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. “நீ எதுக்கு அலையுற? பொறுத்ததே பொறுத்த, இன்னும் கொஞ்சம் பொறு. எனக்கும் இதே வலி இருந்துச்சே. என் டாக்டர் சீட்டுகூட எழுதித் தரல. தானா விட்டுடலையா?”

“நீங்க வாயில்லாப் பூச்சி. அதான் உங்களை ஏமாத்தி ஏமாத்தி அனுப்புறாங்க.”

“சரி, துணைக்கு வரேன். தனியா போய் அங்க சண்டை போட்டு வைக்காதே.”

எப்போதும் ஓரகத்தியே ஆளும் அடுக்களைக்கு, தண்ணீர் குடிக்க டீச்சர் போனாள். கதவைச் சாத்தினால்தான் பானைக்கு வழி. “இதென்னக்கா, கதவுக்குப் பின்னாடி சுவர்ல ஒண்ணுக்கு மேல ஒண்ணா பென்சில் கோடு?”

“பலகை அடிக்க அளவு வெச்சிருக்கேன். கிளம்பு, பஸ் போயிடும்” என்றாள் ஓரகத்தி.

ஆஸ்பத்திரியில், பிசியோதெரபி கூடத்தின் வாசலோடு ஓரகத்தி நின்றுவிட்டாள். “எனக்கு இந்த மருந்து வாடை ஆகாது. நீ போய்க் கேட்டுட்டு வா.”

டீச்சர் உள்ளே போனாள். தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி நாலு பேர் சுவரைப் பார்த்து நின்றார்கள். விரல்களைச் சுவரில் எறும்பு ஏறுவதுபோல் மெல்ல மெல்ல மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்கள். ஒவ்வொருவருக்கு முன்னாலும் போன வாரத்துக் கோடு, அதற்கு முந்திய வாரத்துக் கோடு என்று வரிசையாக இருந்தன. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. யோசிக்க நேரமில்லை, குமாஸ்தா கூப்பிட்டுவிட்டார்.

பேரைக் கேட்டார், பதிவேட்டைப் புரட்டினார், நிமிர்ந்தார். “உங்க பேர்ல பத்துத் தடவையும் முடிஞ்சுபோச்சேம்மா. ஒரு சீட்டுக்குப் பத்துதான் கணக்கு. இனிமே புதுச் சீட்டு வாங்கி, மறுபடியும் வரிசையில சேரணும். எட்டு மாசமாவது ஆகும்.”

“என்ன சொல்றீங்க? நான் இந்த வாசப்படியையே இன்னிக்குத்தான் மிதிக்கிறேன்!”

“வாரா வாரம் கையெழுத்து இருக்கேம்மா. நீங்களே பாருங்க.”

பார்த்தாள். அவள் பெயர்தான், பத்து முறை. கையெழுத்துதான் அவளுடையது இல்லை.

எட்டு மாதம் கழித்துக் கை சரியானால் என்ன, ஆகாவிட்டால் என்ன? கரும்பலகை அதற்குள் வேறொருத்திக்குப் போயிருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு ஏழு மாதம் காத்திருந்தவளின் இடத்தை எவளுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, அவளிடமே பதிவேட்டைக் காட்டுகிறார்கள். இப்படி ஒரு நம்பிக்கைத் துரோகம் எங்கேயாவது உண்டா?

“என் முறையை யாருக்குக் கொடுத்தீங்க? எவ வந்து என் பேர்ல கையெழுத்துப் போட்டா?” வகுப்பில் நாற்பது பேரை அடக்கிய குரல், கூடமே திரும்பிப் பார்த்தது.

ஓரகத்தி வாசலிலிருந்து ஓடி வந்து அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தாள். “வா, போயிடலாம். இவங்ககிட்ட நமக்கென்ன பேச்சு? ஊரே பார்க்குது.”

“பார்க்கட்டும்க்கா! எனக்குத் துரோகம் பண்ணவ யாருன்னு தெரியாம ஒரு அடி நகர மாட்டேன். நீங்க என் பக்கத்துல நில்லுங்க, போதும்.”

சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து தெரபிஸ்ட் எட்டிப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்த டீச்சரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற ஓரகத்தியைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பாயிற்று.

“அட, நீங்களா! என்ன டீச்சர், இப்ப போர்டு முழுக்க எழுத முடியுதா?”