எந்த மாதத்துச் சூரியன்

பாடம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் கடைசி பெஞ்சிலிருந்து சேஷன் எழுந்துவிட்டார்.

பார்வையிட வருகிறவர் வகுப்பில் பேசக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதிய குழுவுக்கு அவர்தான் தலைவர்.

மத்திய அரசில் இணைச் செயலராக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது பள்ளி நிர்வாகக் குழுவில் இருக்கிறார். மடியில் ஒரு பக்கப் படிவம். அதில் அவர் 'ஆம்' போட்டால், மூன்று வருடமாகத் தற்காலிகமாக இருக்கும் வினோலியா டீச்சருக்கு வேலை நிரந்தரம். 'இல்லை' போட்டால் மார்ச்சோடு சரி.

கேள்வி ஒன்றுதான். 'மாணவர்கள் வாசிப்பதைப் புரிந்துகொள்கிறார்களா? ஆம் / இல்லை. ஆம் எனில் ஓர் எடுத்துக்காட்டு தருக.'

அன்று எட்டாம் வகுப்புக்கு உவமை. வினோலியா இலக்கணப் பெயர்கள் எதையும் தொடவில்லை.

"ஒருத்தர் எதை எதோட ஒப்பிடுறாருன்னு பாருங்க. அவரு எங்க நின்னு பாக்குறாருன்னு தெரிஞ்சிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, 'அவர் மலை போல் நின்றார்' என்று போர்டில் எழுதினாள்.

"மலைன்னதும் என்ன ஞாபகம் வருது, பிரதீப்?"

"உல்டி, மேடம்."

முசூரி மலைக்குப் போகும் பஸ்ஸில் மூன்று முறை. டெல்லியில் பிறந்தவன், வாந்திக்கு அவனிடம் தமிழ்ச் சொல் இல்லை. அனுபவம் இருந்தது.

சேஷன் எழுந்தது இந்த இடத்தில்தான்.

"மலைக்கு உல்டியா? நான் ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோம்மா. உவமைன்னா அது உவமை."

கண்களை மூடிக்கொண்டு, தாள் எதையும் பார்க்காமல் சொன்னார். வினோலியா போர்டில் எழுதினாள்.

'ஆதவனாய் ஒளிர்ந்தீர்! இமயமாய் நிமிர்ந்தீர்! தங்கள் காலடியில் எறும்புகளாய் ஊர்ந்த எங்களையும் உயர்த்தினீர்!'

"ஒரு பெரிய ஆபீசர் ரிடையர் ஆனப்போ, அவருக்குக் கீழ வேலை பார்த்த நாற்பது பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்த வாழ்த்து மடல்" என்றார்.

ஆபீசர் யாரென்று சொல்லவில்லை. அடக்கம். யாராவது கேட்கமாட்டார்களா என்று வகுப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

யாரும் கேட்கவில்லை.

வினோலியாவுக்குத் தெரியும். டெல்லி துவாரகாவில் அவர் வீட்டு ஹாலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சந்தன மாலையோடு அந்த மடல் தொங்குகிறது. அதைப் படித்து முடிக்காமல் அந்த வீட்டில் யாருக்கும் காபி வராது. அவள் இரண்டு காபி குடித்திருக்கிறாள்.

"ஆதவன்னா சூரியன்" என்று மட்டும் வகுப்புக்குச் சொன்னாள்.

மதுமதி கையைத் தூக்கினாள். "எந்த மாசத்துச் சூரியன், சார்?"

"சூரியன்ல மாசம் என்னம்மா?"

"டிசம்பர் குளிர்ல வந்தா ஆரஞ்சு, வேர்க்கடலை எல்லாம் எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவோம். ஜூன்ல வந்தா ஜல்தி ஜல்தின்னு கர்ட்டனை இழுத்து விட்டுடுவோம். அந்த ஆபீசர் வந்தா ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க?"

இப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்தவளே வினோலியாதான்.

"போதும் மதுமதி, உக்காரு."

"இருக்கட்டும், இருக்கட்டும்." சேஷன் உண்மையாகவே யோசித்தார். இதுவரை அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "டிசம்பர்னு வெச்சுக்கோயேன்."

ஜன்னலோரம் வைஷ்ணவி உதடுகளை அசைத்தபடி இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பாள். கடைசி வரிக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தாள்.

"சார், எறும்புன்னு சொன்னது யாரு?"

"சொன்னேனேம்மா. கீழ வேலை பார்த்தவங்க."

"அச்சா." கொஞ்சம் தயங்கினாள். "இல்ல சார். அப்பு கர் பார்க்குல பெரிய ராட்டினத்துல மேல போனப்ப, கீழ நின்ன எங்கம்மா எறும்பு மாதிரி தெரிஞ்சாங்க. எறங்கி வந்தா அம்மா அம்மாவாத்தான் இருந்தாங்க. நீ எறும்பு மாதிரி இருந்தேம்மான்னு சொன்னேன். அடி விழுந்துச்சு."

வகுப்பு சிரித்தது.

"கீழ நிக்கிறவங்களுக்குத் தாங்க எறும்பு மாதிரி இருக்கோம்னு தெரியாது சார். இதை எழுதினவரு மேலதான் இருந்திருக்காரு." போர்டை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். "அந்த ஆபீசரே எழுதிக்கிட்டாரு போல."

சாக்பீஸ் வினோலியாவின் விரல்களுக்குள் இரண்டாக உடைந்தது.

சேஷன் சிரித்திருக்கலாம். உளறாதே என்று அதட்டியிருக்கலாம். நாற்பது கையெழுத்தும் வீட்டுச் சுவரில் இருக்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டிருக்கலாம்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார். போர்டுல இருக்கு."

சேஷன் போர்டைப் பார்த்தார். போய் டஸ்டரை எடுத்து அவரே அழித்தார். முதலில் எறும்புகள். பிறகு இமயம். ஆதவன் மட்டும் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

பெஞ்சுக்குத் திரும்பிப் பேனாவைத் திறந்தார்.

வினோலியா பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது 'இல்லை'க்குப் பக்கத்தில் போய் நின்றது. வெகு நேரம் நின்றது.

முப்பத்தைந்து வருடச் சர்வீசில் ஒரு கோப்பிலும் பொய் எழுதியதில்லை என்பது அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளும் பெருமை. அது உண்மையும்கூட. வாழ்த்து மடல் கோப்பில் சேராது.

பேனா மெல்ல நகர்ந்து 'ஆம்' மேல் ஒரு டிக் போட்டது.

எடுத்துக்காட்டு தரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.