சட்டம் போட்ட கடிதம்

தலைநகர அலுவலகத்தில், கிராமத்திலிருந்து வந்திருந்த பெரியவரின் பாஷை தெரிந்த குமாஸ்தா ஒரே ஒருவர்தான். அந்தக் குமாஸ்தாவின் மேசையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் கெஞ்சினார்.

"எங்க ஊர் தண்ணித் தொட்டியை மூட உத்தரவு போடுங்க சார். அந்தத் தண்ணி குடிச்சு ரெண்டு குழந்தைங்க போயிடுச்சு. இப்ப என் பேத்தி ஆஸ்பத்திரியில கிடக்கா."

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்த அதிகாரத்தை உங்க ஊர்த் தலைவருக்கே குடுத்து மூணு மாசமாச்சு! கடிதம் போயாச்சே? அந்த ஆளு சட்டையைப் பிடிச்சுக் கேளுங்க."

"பச்சை மையில கையெழுத்துப் போட்ட கடிதமா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் மேசையிலிருந்து கையை எடுத்தார்.

"தலைநகரத்துப் பாஷை... ஊர்ல படிக்க ஆளில்ல. பாராட்டுப் பத்திரம்னு நெனச்சு, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆபீஸ்ல என் நாற்காலிக்கு மேல மாட்டிட்டேன் சார்."

ஊர்த் தலைவர் தன் சட்டையைத் தானே பிடித்துக்கொண்டார்.