வாசலில் ஒரு புகார்ப் பெட்டி

மறுபடியும் தேர்தலில் நிற்க வாய்ப்புக் கேட்டிருந்த எம்.எல்.ஏ.வின் அலுவலகத்துக்கு, கட்சித் தலைமை அனுப்பிய பார்வையாளர் வந்திருந்தார்.

“தொகுதியில ஜனங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்க?”

இந்தக் கேள்விக்காகத்தான் எம்.எல்.ஏ. காத்திருந்தார். வாசல் சுவரில் மாட்டியிருந்த புகார்ப் பெட்டியைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்து, பூட்டைத் திறந்து காட்டினார்.

“பாருங்கண்ணே, சுத்தமா காலி! மூணு வருஷமா ஒத்தைப் புகார் கிடையாது!”

பார்வையாளர் அசந்துபோனார். “தங்கமான ஜனங்க! பெட்டியைப் பூட்டுங்க. முதல் பாராட்டை நானே எழுதிப் போடுறேன்.”

நாலு வரி எழுதி மடித்தார். பெட்டியின் மேலே தடவினார், முன்னால் தடவினார், தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்துவிட்டார்.

“ஏங்க, இதுல கடுதாசியை எந்த வழியா போடுறது?”

எம்.எல்.ஏ. தன் உதவியாளரை முறைத்தார். உதவியாளர் தலையைச் சொறிந்தார்.

“துவாரம் போட மறந்துட்டேன்னு பெட்டியை மாட்டின மறுநாளே தச்சர் வந்து சொன்னாருங்கய்யா. அப்புறம் ஜனங்களும் தினம் வந்து சொன்னாங்க.”

“நீ என்னய்யா சொன்னே?”

“நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான்யா. ‘எந்தக் குறையா இருந்தாலும் வாயால சொல்லாதீங்க, எழுதிப் பெட்டியில போடுங்க!’”