மூலை மடித்த பக்கங்கள்

“பதினொரு புத்தகம்! பதினொண்டிலும் ஒரே கை வேலை!”

திருநாவுக்கரசு மேசையில் புத்தகங்களைப் பரப்பினார். எல்லாம் சுவீடன் நாட்டுத் துப்பறியும் நாவல்கள், ஆங்கிலத்தில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் பிரவுன் பேப்பர் உறை. உள்ளே அவருடைய பெயர் பொறித்த ரப்பர் முத்திரை. புலம்பெயர்ந்து வந்து வாங்கிய பக்குரங்கா வீட்டின் கராஜை நூலகமாக்கிவிட்டு, காரை மழையில் நனைய விட்டவர் அவர்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அங்கே வாசகர் வட்டம் கூடும். உறுப்பினர் ஏழு பேர். தலைவர், செயலாளர், சிறப்புப் பேச்சாளர் மூவரும் அவரே. அன்றைய மழைக்கு வந்தது இரண்டு பேர்: ஒடாஹுஹுவில் பிளம்பராக இருக்கும் றொய்ஸ்டன்; மன்னாரில் ஆங்கில ரீச்சராக இருந்து, இப்போது எல்லர்ஸ்லியில் ஒபிஸ்களைக் கூட்டித் துடைக்கும் சறோஜா.

“என்ன அண்ணை, கிழிச்சுப்போட்டினமோ?” என்றான் றொய்ஸ்டன்.

“மூலையை மடிச்சிருக்கினம்!”

“அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானோ? உமக்குக் குழாய் விக்கிற கடையின்ரை கற்றலொக்கும் புத்தகமும் ஒண்டுதான். ஒரு புத்தகத்திலை ஒரே ஒரு மடிப்பு. எந்தப் பக்கம் தெரியுமோ? பிணம் எடுக்கிற பக்கம்! இதிலை உறைஞ்ச ஏரிக்குள்ளையிருந்து. இதிலை பாழ் கிணத்துக்குள்ளையிருந்து. இதிலை இருவது வருசத்துக்குப் பிறகு, பைன் மரத்துக்குக் கீழை வெறும் எலும்பு.”

றொய்ஸ்டன் தின்ன ரோல்ஸ் ஒன்றை எடுத்தான். பிறகு திரும்பவும் தட்டில் வைத்தான்.

“பிணத்திலை ருசி கண்ட ஒரு மனம் எங்கட வட்டத்துக்குள்ளை இருக்கு. இருளின் கவர்ச்சி அப்பிடித்தான். நான் சுவீடனிலை இருக்கேக்கை அதை உணர்ந்தனான்.”

அவர் சுவீடனில் இருந்தது நான்கு மணித்தியாலம். விமான நிலையத்தில். ஜூன் மாதம், பளீரென்ற வெயிலில்.

“எனக்கு விளங்கேல்லை அண்ணை. இதிலை என்ன இழுக்குது? எங்கட ஊரிலை காணாத பிணமே?”

“அது அவலம், றொய்ஸ்டன். இது இலக்கியம்.”

சறோஜா தலையை நிமிர்த்தவில்லை. அன்று இரவல் எடுத்த பன்னிரண்டாவது புத்தகம் அவள் மடியில் இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மடிச்சது ஆரெண்டு தெரியோணும். இல்லாட்டி இண்டையோடை இரவல் இல்லை. கராஜுக்குப் பூட்டு. சறோஜா, நீங்கள் பயப்பிடாதேங்கோ, உங்களைச் சொல்லேல்லை. உங்களுக்கு இந்த இருட்டே சரிவராது. உங்கட மனிசன் டொமினிக் வந்து சேரட்டும், நல்ல குடும்பக் கதையாய்ப் பாத்துத் தாறன். விசா அலுவல் என்ன மாதிரி?”

“இன்னும் ஒரு பதிலும் இல்லை அண்ணை.”

இரண்டு வருடமாக அதே பதில்தான். இங்கே மனைவி முன்னால் வந்து, கணவன் ஊரில் நின்றால் விசாதான் காரணம். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் விசாவைத் திட்ட ஐந்து நிமிடம் ஒதுக்குவார்கள். இன்றைக்குத் திருநாவுக்கரசுக்கு அதற்கும் பொறுமையில்லை.

“இந்தப் பதினொண்டையும் எல்லாரும்தான் வாசிச்சது. ஆனால் புத்தகத்துக்கு மரியாதை தெரியாத ஆள் ஒராள்தான்,” என்றபடி றொய்ஸ்டனின் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது.

றொய்ஸ்டன் எழுந்தான். “சரி அண்ணை. உங்கட புத்தகமும் வேண்டாம், வட்டமும் வேண்டாம். நான் போறன்.”

“தம்பி, இரும்,” என்றாள் சறோஜா. “மடிச்சது நான்தான்.”

திருநாவுக்கரசு அவள் பக்கம் திரும்பினார்.

“நீங்களோ? ஒரு ரீச்சர்! ஏன்?”

“அந்தப் பக்கத்தோடை வாசிக்கிறதை நிப்பாட்டிப்போடுவன் அண்ணை. அடையாளத்துக்கு மடிச்சனான். பிழைதான்.”

“நிப்பாட்டுறதோ? அதுக்குப் பிறகுதானே கதையே! கொலைகாரன் ஆர், ஏன் செய்தவன், எல்லாம் மிச்ச இருநூறு பக்கத்திலை எல்லோ இருக்கு?”

“அது எனக்குத் தேவையில்லை. அவங்கள் தேடுறதைத்தான் வாசிக்கிறனான். ஒராளைக் காணேல்லை எண்டு சொன்ன உடனை எழுதி எடுக்கிறாங்கள். நாயள் கொண்டு வாறாங்கள். உறைஞ்ச ஏரியை உடைக்கிறாங்கள். ஒரு பொலிஸ்காரன் சாப்பாடு, நித்திரை இல்லாமல் திரியிறான். ஒரே ஒரு ஆளுக்காக, அண்ணை.”

திருநாவுக்கரசு சிரிக்கப் பார்த்தார். “டொமினிக்குக்கு இது தெரியுமோ? வந்த உடனை முதல் வேலையாய்ச் சொல்லிக் குடுக்கப்போறன், உங்கட மனிசி பிணம் எடுக்கிற பக்கமாய்த் தேடித் தேடி வாசிக்கிறா எண்டு.”

சறோஜா மடியிலிருந்த புத்தகத்தை மேசையில், மற்றப் பதினொன்றோடு சேர்த்து வைத்தாள்.

“விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு ஆமிக்காரர் அவரைப் பஸ்ஸிலை ஏத்தினது ரெண்டாயிரத்து ஒன்பதிலை அண்ணை,” என்றாள். “அவரையும் ஆரும் தேடி எடுத்துக் குடுத்தினமெண்டால், நானும் அதோடை நிப்பாட்டிப்போடுவன்.”